குறுக்கே வைத்த ஈர்க்குச்சி

தை பிறந்து ஒன்பதாம் நாள், பால் வண்டி வந்து போய், பள்ளிவாசல் தெருவில் விளக்குகள் இன்னும் அணையாத வேளையில், ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற பியூலா ஓடிப்போன தடத்தில் தார் ரோடு நாலு விரற்கடை ஆழத்துக்குக் குழிந்து, ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் ஊறியது. தண்ணீர் என்றால், கானாத்துப்பேட்டைக் கிணறுகளில் மூன்று தலைமுறையாக ஊறுகிற, பருப்பை வேகவிடாத, துணியை வெளுக்கவிடாத, குளித்தால் தலைமயிரைத் தேங்காய் நாராக்குகிற உப்புத் தண்ணீர் இல்லை. நாக்கில் பட்டதும் தொண்டை தானாகத் திறந்துகொள்கிற நல்ல தண்ணீர். பால் பாக்கெட் எடுக்க வந்த எதிர்வீட்டு ரஹமத்துதான் முதலில் பார்த்தாள். குனிந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தவள், யாரையும் கூப்பிடாமல் உள்ளே போய்க் குடமும் டம்ளரும் எடுத்துவந்து, தன் வாசலுக்கு நேராக இருந்த மூன்று குழிகளையும் மொண்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டினாள்.

குழி விழுந்தது வெறுங்கால் வடிவத்தில். பியூலா ஷூ போட்டுக்கொண்டுதான் ஓடினாள், ஆனாலும் ஐந்து விரலும் குதிகாலும் தனித்தனியாகத் தெரிந்தன. வெயில் ஏற ஏறக் குழிகள் தாமாகவே மேடேறி, பத்து மணிக்கு ரோடு பழையபடி ரோடாகிவிட்டது. ஏன், எப்படி என்று கேட்ட ஆள் ஊரில் இல்லை. கிணறு ஏன் உப்பானது என்று கேட்டுப் பழகாத ஊர், ரோடு ஏன் இனித்தது என்றும் கேட்கவில்லை. நாளைக்கும் இந்த வழியாகத்தான் ஓடுவாளா என்று மட்டும் கேட்டது.

பியூலாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது, அரசாங்க ஆஸ்பத்திரித் தராசில் தொண்ணூற்றெட்டுக் கிலோ. புருஷன் தேவசகாயம் லாரி ஓட்டுபவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்; மகன் ஓசூரில் வேலை. எட்டு மணி நேரம் தையல் மெஷினில் குனிந்து, சூப்பர்வைசர் கேட்பதைக் கொடுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு கேட்பதைக் கொடுத்து, படுக்கிறவரைக்கும் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிற பிழைப்பு. போன ஐப்பசியில் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள், பஸ் போய்விட்டது, அவள் மட்டும் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தம்வரை மூச்சிரைக்க ஓடியே போனாள். அந்த முக்கால் மைலில் ஒருத்தரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து விடியலில் எழுந்து ஓடினாள். மலையடிவாரத்து மைல்கல்லைத் தொட்டுவிட்டு ஒரு தரமாவது நிற்காமல் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஓடுவதற்கு ஆசை மட்டும் போதாது, உடுப்பும் வேண்டும் என்பது மூன்றாம் நாளே தெரிந்தது. சுடிதாரில் ஓடினால் வேர்வையில் துணி கயிறாகத் திரிந்து தொடை இரண்டையும் அறுத்தது; தேங்காயெண்ணெய் தடவினாள், பவுடர் போட்டாள், இரண்டு நாள் காலை அகட்டி வைத்தே கம்பெனிக்கு நடந்தாள். கடைகளில் ஓடுகிற உடுப்பென்று தொங்கியதெல்லாம் ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்கள் இன்னும் ஒல்லியாவதற்காகத் தைத்தவை, அவளுக்கு முழங்காலைத் தாண்டவில்லை. ஆம்பளைகள் போடுகிற, இழுத்தால் நீளுகிற பேன்ட்டில் இருப்பதிலேயே பெரியதை வாங்கி, உள்தொடையில் இருந்த தையலைப் பிரித்து, வெளிப்பக்கமாகத் தள்ளித் தட்டையாகத் தைத்துக்கொண்டாள். ஷூவுக்குள் உறுத்தாமல் தைக்கத் தெரிந்த கைக்கு அது பெரிய வேலையில்லை. மார்பு குலுங்காமலிருக்க ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உள்ளாடை போட்டாள், மூச்சு முட்டியது; கம்பெனியில் தள்ளுபடியான அகல எலாஸ்டிக்கில் ஒரு பட்டி தைத்து இறுக்கிக்கொண்டாள். தெருப்பையன்கள் அவளை ரோடு ரோலர் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷூ விஷயத்தில்தான் அவள் ஊரைப்போலவே நடந்துகொண்டாள். கானாத்துப்பேட்டையில் ஜெர்மன்காரன் காலுக்கும் இத்தாலிக்காரி காலுக்கும் அச்சு இருந்தது, குதிகாலுக்கு ஒரு அளவு, நடுப்பாதத்துக்கு ஒரு அளவு, விரல் மேட்டுக்கு ஒரு அளவு என்று மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தார்கள். ஆனால் உள்ளூர்ப் பெண்கள் செருப்புக்கடைக்குப் போய் அந்நிய ஆணிடம் காலை நீட்டுகிற வழக்கம் கிடையாது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்குச்சியை உருவி, கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை வைத்துப் பார்த்து ஒடித்து, வீட்டு ஆண்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். கடைக்காரர் குச்சியை ஷூவுக்குள் விட்டுப் பார்ப்பார், நின்றால் அதுதான் அளவு. உலகத்துக்கெல்லாம் கால் அளந்த ஊர், தன் பெண்களின் காலை ஈர்க்குச்சியால் அளந்தது. நீளம் தெரியும், அகலம் தெரியாது. தொங்குகிற கால் தெரியும், பாரம் ஏறிய கால் தெரியாது. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட சரக்கை விற்கிற ஜமீல் பாய் கடைக்கு பியூலாவின் ஈர்க்குச்சியும் தேவசகாயத்தின் சட்டைப்பையில்தான் போனது, ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வந்தது, அடிப்பாகம் அட்டைபோல மெலிசு. சுண்டுவிரல் இரண்டும் உள்ளே மடங்கிப் படுத்துக்கொண்டன. கால்தான் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெரிய உடம்புக்காரிக்கு எது பொருந்தாவிட்டாலும் அப்படி நினைக்கத்தான் இந்த உலகம் பழக்கி வைத்திருக்கிறது.

அந்த ஷூவில் ஓடிய கால்தான் தண்ணீர் கொடுத்தது. மாசி பிறப்பதற்குள் ஊர் அந்த அதிசயத்தைப் பழைய வேட்டியைப் போல உடுத்திக்கொண்டது. விடியுமுன் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின. இடது கால் குழி கிழக்கு வரிசை வீடுகளுக்கு, வலது கால் குழி மேற்கு வரிசைக்கு என்று பேசி முடிவானது. அவள் எட்டு வைக்கிற தூரத்துக்கும் வாசல்களின் தூரத்துக்கும் ஒத்துவராமல் இரண்டு வீடுகளுக்கு நடுவே குழி விழுந்தபோது நடந்த சண்டையில் ஒரு பல் போயிற்று. வார்டு கவுன்சிலர் தணிகாசலம் திங்கள் கோட்டைத் தெரு, வெள்ளி சாவடித் தெரு என்று அட்டவணை எழுதிப் போஸ்ட் கம்பத்தில் ஒட்டினார். கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் இதுபற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு குடம் வைத்தன. பல வருஷமாகப் பழுப்பாகவே வெந்த சோறு வெள்ளையாக வெந்தது, டீக்கடையில் டீ டீயாக இருந்தது, கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்கும்போதே பிரியாணிக்குத் தண்ணீர் வேண்டும், அன்றைக்கு எங்கள் தெருவில் ஓடுங்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்தார்கள். கம்பெனி அவளுக்கு அரை மணி தாமதமாக வர அனுமதி கொடுத்தது. ரோடு ரோலர் என்று கத்திய பையன்கள் அம்மா என்று கூப்பிட்டார்கள்.

மலையடிவாரத்துப் பக்கம் வீடுகள் இல்லை, ஆகையால் அட்டவணையில் அந்தப் பக்கம் இல்லை. பியூலா தெருத்தெருவாக ஓடினாள். யாரும் எதையும் கேட்காத ஒரு மணி நேரம் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்ததில் இப்போது ஊரே வாசலில் நின்று கேட்டது. கொஞ்சம் மெதுவா வைம்மா, இங்க நல்லா மிதிம்மா, நேத்து எங்களுக்கு அரைக்குடம்தான் வந்துச்சு. அவளுக்கு அழுகை வரும். ஓடிக்கொண்டிருப்பவள் முகத்தில் அதுவும் வேர்வையாகத்தான் தெரிந்தது.

செருப்புத் தைத்துப் பிழைக்கிற ஊர்க்காரர்கள் எதையும் செருப்பை வைத்தே புரிந்துகொள்வார்கள். குழி வெறுங்காலாக விழுந்தும், பெருமை ஷூவுக்குத்தான் போயிற்று. ஜமீல் பாய் கடையில் அதே மெலிசு அடிப்பாகம், அதே கான்வாஸில் நாற்பது ஜோடி தைத்து வாங்கி, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயக்காரர்களையும் போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கிற பையன்களையும் வரிசையாக ஓடவிட்டார்கள். குச்சிக் குச்சியான கால்கள் பறந்தன, ரோடு காய்ந்தே கிடந்தது. அப்படியானால் அந்த ஷூவும் வேண்டும், அந்தப் பாரமும் வேண்டும் என்று ஊர் கணக்குத் தீர்த்தது, அந்தப் பாரம் உள்ள பெண் பியூலா ஒருத்திதான் என்றும் முடிவு செய்தது. ஊரில் அவளைவிடப் பெரிய பெண்கள் இருபது பேராவது இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஓடி யாரும் பார்த்ததில்லை, ஓடுகிற உடுப்பு அவர்களுக்குக் கிடைத்ததும் இல்லை, ஆகவே அவர்கள் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதமான லெந்து நாட்கள் வந்தபோது பியூலா வழக்கம்போல் கறியும் இனிப்பும் விட்டாள். நாலு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது, குழியில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்தது. குடம் நிரம்பாத வீடுகளில் பேச்சு எழுந்தது. முதலில் பாகில் ஊறிய மக்கன் பேடா வந்தது, பிறகு தூக்குச்சட்டியில் பிரியாணி, பிறகு நெய் வழிகிற சர்க்கரைப் பொங்கல். விரதம் என்று சொல்லிப் பார்த்தாள், கரும்பு தின்னக் கூலியா கேக்கறே என்று சிரித்தார்கள். கடைசியில் போதகரே வீட்டுக்கு வந்து, கர்த்தர் இருதயத்தைத்தான் பார்க்கிறார் என்றும், சாப்பிடுவதும் ஒரு ஊழியமாக இருக்கலாம் என்றும் தயங்கித் தயங்கிச் சொல்லி, தட்டைப் பார்க்காமல் அவள் முன்னால் நகர்த்திவைத்தார். லெந்து நாளில் கறி தின்னச் சொன்ன போதகர் அந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். நேற்றுவரை இந்த உடம்பைக் குறைக்கச் சொன்ன ஊர் இன்று குறைக்காதே என்றது. இரண்டு தரமும் உடம்பு அவளுடையதாக இருக்கவில்லை.

முழங்கால் வலி பங்குனியில் தொடங்கியது. முதலில் படியிறங்கும்போது, பிறகு மெஷின் பெடலை மிதிக்கும்போது, பிறகு சும்மா இருக்கும்போதே. கால் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்து விழுந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாவடித் தெருக் கல்வெட்டருகே வலி தாங்காமல் உட்கார்ந்தவள், தான் கடைசியாக மிதித்த குழியைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் ஊறியிருக்கவில்லை. தொந்திக்குக் கீழே நிற்கிற தன் காலை நின்றபடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பாரம் ஏறினால் தன் கால் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தாள். விரல்கள் ஐந்தும் கோழிக்கால் போல விரிந்து, பாதம் அகன்று, முழுசாக இருந்தது. குடத்தோடு நின்ற கிழவியின் வாசலில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, வழக்கம்போல நீளவாக்கில் வைக்காமல், குழிக்குக் குறுக்கே வைத்து இரண்டு ஓரமும் பார்த்து ஒடித்தாள். ஷூவைக் கழற்றி அதன்மேல் அதே குச்சியைக் குறுக்கே வைத்தாள். இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்குக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கால் தப்பில்லை. நாற்பத்தொரு வருஷமாக ஒரு தரமும் கால் தப்பில்லை.

மறுநாள் சாயங்காலம் குச்சியை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள். அங்கே விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த பெண் குச்சியை வாங்கிப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளைத் தரையில் ஒரு தாள்மேல் இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொன்னாள், பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள், நாளெல்லாம் நின்ற கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், அளவெடுக்க அதுதான் சரியான நேரம் என்றாள். இரண்டு நம்பர் பெரியது, அகலமானது, அடியில் தடித்த மெத்தை உள்ளது, அதிலும் நாலு ஜோடியைப் போட்டு, அலமாரிகளுக்கு நடுவே இப்படியும் அப்படியும் ஓடிக் காட்டச் சொன்னாள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அகலத் தோள்பட்டி வைத்த உள்பனியன் ஒன்றும் பியூலாவின் அளவில் எடுத்துக் கொடுத்தாள், அப்படி ஒன்று இருக்கிறதென்றே பியூலாவுக்கு அதுவரை தெரியாது.

"உங்க காலு பெருசெல்லாம் இல்லம்மா. இத்தன நாளா ஷூதான் சின்னதா இருந்திருக்கு" என்றாள் அந்தப் பெண்.

பியூலா கயிறு கட்டுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

திங்கட்கிழமை விடியலில் அவள் புது ஷூவோடு கோட்டைத் தெருவில் இறங்கினாள். வலிக்கவில்லை. மார்பு தன்னிடத்தில் இருந்தது, தொடை அறுக்கவில்லை, சுண்டுவிரல் உள்ளே படுக்காமல் நிமிர்ந்திருந்தது, ஒவ்வொரு எட்டுக்கும் கீழே ஏதோ ஒன்று அவளைத் தாங்கி மறுபடி மேலே கொடுத்தது. தெரு முடிந்ததும் திரும்ப மறந்துபோய், மலைப்பக்க ரோட்டில் பாதி தூரம் போய்விட்டுத்தான் வந்தாள். திரும்பி வரும்போது பார்த்தாள், குடங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. ரோட்டில் குழி இல்லை. அவள் கால் பட்ட இடங்களில் உள்ளங்கை வேர்த்தது போல லேசாக ஈரம் பூத்திருந்தது, அவ்வளவுதான். ஒருத்தரும் திட்டவில்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே வாசற்படியில் வைத்திருந்த புது ஷூ காணாமல் போயிற்று. பழைய கான்வாஸ் ஷூவை யாரோ துவைத்து, வெள்ளை பூசி, அதே இடத்தில் வைத்திருந்தார்கள்.

பழையதைப் போட்டுக்கொண்டுதான் மறுபடி ஓடினாள். வேறென்ன செய்வாள், கைக்குழந்தையோடு நிற்கிறவள் காலிக் குடத்தைக் காட்டும்போது எந்த முகத்தோடு மாட்டேன் என்பாள். தண்ணீர் வந்தது, முன்னைவிட அதிகமாகவே வந்தது. சித்திரை முடிவதற்குள் முழங்கால் பந்துபோல வீங்கி, ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதே ஷூவில் இதே மாதிரி ஓடினால் இன்னும் ஆறு மாசத்தில் ஓடுவது இருக்கட்டும், நடப்பதே கஷ்டம் என்று எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டைச் சாவடியில் கூடிய கூட்டத்தில் பியூலா காட்டினாள். தணிகாசலம் அதை இரண்டு தரம் படித்தார். கெட்டவர் இல்லை, அவர் வீட்டிலும் குடம் உண்டு. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு மாசம்னுதானேம்மா டாக்டரு எழுதிகீறாரு? ஐப்பசிக்குள்ள மழ வந்துடும்."

சிலர் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சு என்று அவர்களுக்குப் பட்டது. பியூலா சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, பயமாக இருந்தது. இவர்கள் தன்னை வெறுக்கவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அட்டவணையில் ஓய்வு. மத்தியான வெயிலில் தெரு அடங்கியிருந்தபோது ரஹமத் பின்வாசல் வழியாக வந்தாள். பியூலாவைவிட ஐந்தாறு வயது சின்னவள், சரீரத்தில் அவளைவிடப் பெரியவள். அவள் புருஷன் பாஷாவுக்குச் சிறுநீரகத்தில் கல், நல்ல தண்ணீராகக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் மூன்று குழியையும் சத்தமில்லாமல் மொண்டது அதற்காகத்தான். புர்காவுக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்துத் தரையில் வைத்தாள். உள்ளே வேலூர் ஷூ இருந்தது.

"நான்தாங்க்கா எடுத்தேன்" என்றாள். "அரிசி டிரம்முல போட்டு வெச்சிருந்தேன். அவரு ராவெல்லாம் வலியில முறுக்கிகினு கிடக்கறத பாத்துட்டு, எனக்கு வேற தோணல."

பியூலாவுக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது, கைக்கெட்டிய சொம்பை எடுத்து வீசலாமா என்றுகூட இருந்தது. ரஹமத் போகாமல் நின்றாள். இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது.

"எடுக்கறதுக்கு மின்ன நாள், விடியறதுக்குள்ள நான் ஓடிப் பாத்தேங்க்கா. ஆத்தோரம், யாரும் இல்லாத பக்கம். ஹவாய் செருப்ப போட்டுகினு. எனக்கே வந்துச்சுன்னா உன்ன ஏன் தொந்தரவு பண்ணணும்னுதான்." அவள் புர்கா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "வந்துச்சுக்கா. உன்னதவிட ஆழமா, குபுகுபுன்னு வந்துச்சு. மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துட்டேன். அவருகிட்டகூட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"உன்னப் பாத்துகினேதானே இருந்தேன்" என்றாள் ரஹமத்.

வெளியே யார் வீட்டிலோ குடம் உருண்டது. பியூலாவின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருந்த இடத்தில் ஒரு களைப்பு மட்டும் இருந்தது, அந்தக் களைப்பு எதிரில் நிற்கிறவள் முகத்திலும் இருந்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்து, மூலையிலிருந்த விளக்குமாற்றில் நல்ல நீளமான ஈர்க்காக ஒன்றை உருவினாள். சிமெண்டுத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினாள், உப்புத் தண்ணீர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நட்டமாக நில், பாரத்தை முழுக்க இறக்கி நில் என்றாள். ரஹமத் நின்றாள், நகர்ந்தாள். ஈரத் தடத்தில் பியூலா முதலில் நீளவாக்கில் குச்சியை வைத்து ஒடித்தாள், பிறகு இன்னொன்றை எடுத்துக் குறுக்கே வைத்து ஒடித்தாள்.

"இந்த ஷூவ போட்டா தண்ணி வராது ரஹமத். தெரியும்ல?"

"தெரியும்."

"பாஷா பாய்க்கு?"

ரஹமத் ஒடித்த இரண்டு குச்சியையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "கல்லு கிட்னியிலதானே, கால்ல இல்லியே. மூணு கிலோமீட்டர்ல வடிகட்டுன தண்ணி விக்கறான், சைக்கிள்ல போயி எடுத்துகினு வரட்டும். இவ்ளோ நாளு வாசல்லயே வந்துச்சு, போகல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுகையும் சிரிப்புமாக அது கொஞ்ச நேரம் ஓயவில்லை.

அதற்கப்புறம் பத்து நாள் பியூலா ஓடவில்லை, முழங்காலுக்கு எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொண்டு படுத்தாள். பதினோராம் நாள் விடியலில், ஊர் மறுபடி குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றபோது, எதிரெதிர் வீடுகளின் கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தன. பியூலாவின் காலில் வேலூர் ஷூ. ரஹமத்தின் காலிலும் ஒரு வேலூர் ஷூ, நீளமான தொளதொள அங்கிக்குக் கீழே பியூலா தைத்துக் கொடுத்த, தையல் வெளிப்பக்கம் தள்ளிய பேன்ட், தலையில் இறுக்கக் கட்டிய துப்பட்டா. இரண்டு பேரும் யாரையும் பார்க்காமல், முழங்காலைத் தொந்தரவு செய்யாத மெதுவான ஓட்டமாக, மலைப்பக்கம் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ரோடு காய்ந்திருந்தது.

அன்று ஊர் திட்டிய திட்டை எழுத முடியாது. சோறு தின்ன வாய்க்கு நன்றியில்லை என்றார்கள், அவர்கள் கொடுத்த பிரியாணியை எண்ணிச் சொன்னார்கள், கோட்டைத் தெருவில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். கைக்குழந்தைக்காரி மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், பியூலாவை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்புவது அவள்தான். பருப்பு மறுபடி வேகவில்லை. ஆண்கள் மறுபடி சைக்கிளில் குடம் கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து முப்பது பேர் லாரி பிடித்து ஜில்லா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள், அங்கே யாரோ ஒருவன் கிணறு முதலில் ஏன் உப்பானது என்று கேட்டதாகவும், கேட்டவன் யார் என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொல்கிறார்கள். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கொருதரம் வந்தது. போதவில்லை.

ஆனாலும் பழக்கம் விடவில்லை, விடியலில் சில குடங்கள் ரோட்டோரம் இருக்கத்தான் செய்தன. ஆனி மாதம் ஒரு நாள் இரண்டு பேரும் மைல்கல்லைத் தொட்டுவிட்டு, நடுவில் நிற்காமல், வேர்க்க வேர்க்கத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, கவுன்சிலர் வீட்டு மதிலோரம் வரிசையின் கடைசியில் ஒரு குடம் தனியாக இருந்தது. வாசலில் யாரும் இல்லை, ஜன்னல் மட்டும் ஒரு விரற்கடை திறந்திருந்தது, அந்த இடுக்கில் வளையல் போட்ட கை ஒன்று தெரிந்தது. எட்டிப் பார்த்தால் குடத்துக்குள் தண்ணீருக்குக் காத்திருக்கிற வெறுமை இல்லை; அடியில் இரண்டு ஈர்க்குச்சிகள் கிடந்தன, ஒன்று நீளம், ஒன்று குட்டை, இரண்டையும் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

குட்டைக் குச்சியை பியூலா தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நல்ல அகலம். கூந்தல் கட்டியிருந்த ரப்பர் பேண்டில் இரண்டையும் செருகிக்கொண்டு, வீடுவரை மிச்சம் இருந்த தூரத்தையும் ஓடியே முடித்தாள்.